ஒரு மைக் போதும்

வென்னப்புவ
12 மார்ச் 1998

அன்புள்ள மங்கலிகாவுக்கு,

கமில்லஸ் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க புனித அன்னம்மாள் பார்த்துக்கொள்ளட்டும். முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுப் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு என்று போன தடவை போனில் சொல்ல வந்தேன். அதற்குள் லைன் போய்விட்டது. ஜூட் கடைப் போனில் நாம் பேசுவதில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. முக்கியமானதெல்லாம் இனி கடிதத்தில்தான்.

மேல் அறைக்குக் கூரை போட்டாகிவிட்டது. பூச்சு வேலை பாக்கி. அந்த அறையை என்ன செய்யலாம் என்று கொஞ்ச நாளாக ஒரு யோசனை. சிரிக்காமல் படி.

போன மாதம் எங்கள் ஹோட்டல் பாண்ட் முழுதும் ஒரு பாட்டைப் பதிவு செய்யக் கொழும்புக்குப் போனோம். மணிக்கணக்கில் வாடகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். மேசை மேசையாகப் போய், மீன் தின்றுகொண்டிருக்கும் ஜெர்மன்காரர்களையும் எழுந்து ஆட வைக்கிற நம் நியூட்டனுக்கு அங்கே தொண்டை ஒட்டிக்கொண்டது. என் கிட்டாரும் தகரம் மாதிரிக் கேட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நியூட்டன் கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இது நான் பாடினதா? பல்லு புடுங்க உக்காந்தவன் பாடின மாதிரி இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலேயே ஒரு பதிவு அறை வைத்தால் என்ன? ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வேண்டியவை: நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர். சாதாரண கேசட்டில் நாலு பேரைத் தனித்தனியாகப் பதிந்து, பிறகு ஒன்றாகச் சேர்க்கலாம். குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக், கிட்டார் வயிற்றில் ஒட்டுகிற பிக்கப் ஒன்று, ஹெட்ஃபோன். கொழும்பில் விலையைக் கேட்டாலே காது அடைக்கிறது. நேப்பிள்ஸில் இசைக் கருவிக் கடை ஏதாவது கண்ணில் பட்டால் கேட்டுப் பார். வாங்கச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறேன்.

உன் கமில்


நேப்பிள்ஸ்
5 ஏப்ரல் 1998

அன்புள்ள கமிலுக்கு,

இங்கு நான் சுகம், அங்கு உங்கள் சுகத்துக்கு எழுதவும். இன்று குருத்து ஞாயிறு. இங்கே ஓலைக்குப் பதில் ஒலிவக் கிளை கொடுக்கிறார்கள். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதுகுவலி பரவாயில்லை. முழங்காலை மடக்கித்தான் தூக்குகிறேன். உங்களுக்கு முன்பே நர்ஸ் சொல்லிவிட்டாள்.

முதலில் பெரிய செய்தி. எங்கள் எஜமானி சிஞ்ஞோராவின் தம்பி இஸ்கியா தீவில் ஒரு விடுதி நடத்துகிறார். சமையலறைக்கு நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டுமாம். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். பேப்பர் வேலையெல்லாம் அவர்களே செய்வார்கள். தீவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு படகுப் பயணம்தான். கமில், நான் வந்து மூன்று வருஷமாகிறது. பூசை முடிந்து நம் ஊர்ச் சனம் ஜோடி ஜோடியாகப் போகும்போது நான் ஊரில் நம் அடுத்த சந்து ஜெர்ட்ருட் அக்காவோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். அக்கா நல்லவள்தான். ஆனால் உலகத்துக் கதையெல்லாம் பேசுவாள்.

இனி உங்கள் மைக் கதை. இங்கே ஒரு சந்து முழுதும் இசைக் கருவிக் கடைகள்தான். வியாழன் அரைநாள் லீவில் போனேன். பஸ்குவாலே என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர், நான் பொம்மை வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். விவரம் சொன்னதும் மரியாதையாக ஸ்டூல் போட்டார். அவர் முதலில் கேட்டது விலையைப் பற்றியோ மாடலைப் பற்றியோ இல்லை. "அந்த அறையோட ஜன்னலைத் திறந்தா வெளியே என்ன கேக்கும்?" என்றுதான் கேட்டார். நம் வீட்டில் என்ன கேட்கும் என்பது மறந்துபோனது போல இருந்தது. நீங்கள் எழுதுங்கள்.

வேலை விஷயத்துக்கும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்
மங்கலிகா


வென்னப்புவ
2 மே 1998

அன்புள்ள மங்கலிகா,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். ஹோட்டல் சீசன் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், இனி மழைதான்.

உன் பஸ்குவாலேயின் கேள்விக்காக ஒரு நாள் முழுதும் மேல் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் மீன்காரனின் சைக்கிள் ஹாரன். பிறகு காகம். பிறகு பின்பக்கத்து நார் ஆலை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். இத்தனைக்கும் கீழே எந்நேரமும் கடல். மழை வந்தாலோ கூரைத் தகட்டில் ஆயிரம் பேர் கை தட்டுவது போல. நானும் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தேன். சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்து என்னையே கேலி செய்தது. நியூட்டன் முட்டைத் தட்டுகளை ஒட்டச் சொல்கிறான். நான் தென்னைநார் மெத்தைகளைத் தொங்கவிடலாம் என்கிறேன். "அப்போ இது ஸ்டூடியோவா, பிரசவ வார்டா?" என்று கேட்கிறான்.

மைக் விஷயத்தில் எனக்கு ஒரே ஆசை. கொழும்பில் பார்த்தேனே, வெள்ளி நிறத்தில், கம்பி வலைக்குள் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. மூச்சு விடுவது கூடக் கேட்குமாம். அதையும் கேட்டுவை.

இஸ்கியா விஷயம் யோசிக்கிறேன். கோபப்படாதே. யோசிக்கிறேன் என்றால் யோசிக்கிறேன்தான்.

கமில்


நேப்பிள்ஸ்
24 மே 1998

அன்புள்ள கமிலுக்கு,

சுகமே. வெயில் ஏறிவிட்டது. பெரியவருக்குத்தான் நாளுக்கு நாள் முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பஸ்குவாலேக்கு வாசித்துக் காட்டினேன். மீன்காரன் ஹாரனில் இருந்து கூரை மழை வரை எல்லாவற்றையும் என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன். தாடியைச் சொறிந்தபடி கேட்டார். கடைசியில், "உன் புருஷன் காகத்தைப் பதியப் போறானா, பாட்டைப் பதியப் போறானா?" என்றார்.

உங்கள் வெள்ளி மைக்கை எடுத்து வைத்தார். பக்கத்தில் மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற சாதாரண மைக் ஒன்று. ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டு, இரண்டிலும் பேசச் சொன்னார். என்ன பேசுவது? நம் பாஷையில் "மழை வருது, துணியெடு" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளி மைக்கில் என் குரலோடு தெருவில் போன பஸ், அடுத்த கடைக்காரன் இருமல், எல்லாமே வந்தன. சாதாரண மைக்கில் என் குரல் மட்டும். வாய்க்கு நேரே இருப்பதைத்தான் அது கேட்குமாம். "மெத்தை அடிச்சு அமைதியான அறைக்குத்தான் அந்த வெள்ளி மைக் லாயக்கு. உங்க வீட்டுக்கு இதுதான். அதுவும் ஒண்ணே போதும், ஒவ்வொருத்தராப் பதியுறதுதானே" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

நான் இவ்வளவு எழுதிவிட்டேன். நீங்கள் எனக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஜூன் முடிவதற்குள் பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் அனுப்ப வேண்டும். சிஞ்ஞோராவின் தம்பி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மங்கலிகா


வென்னப்புவ
9 ஜூலை 1998

அன்புள்ள மங்கலிகா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் சுகமாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து ஒன்றும் நினைக்காதே. மேல் அறையில் மேசை இல்லை, முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன்.

மழை விடவில்லை. பஸ்குவாலே சொன்னது சரி. ஒரு மைக் போதும். கிட்டாருக்கு மைக் வேண்டாம், பிக்கப்பும் வேண்டாம். குரல் மட்டும் பதிந்தால் போதும். ரெக்கார்டரில் குமிழ்கள் பெரிதாக இருக்குமா, அழுத்தமாகத் திருக வேண்டியிருக்குமா என்று கேட்டுச் சொல்.

பெரியவர் எப்படி இருக்கிறார்?

கமில்


நேப்பிள்ஸ்
26 ஜூலை 1998

கமிலுக்கு,

இன்று அன்னம்மாள் திருநாள். உங்களுக்காகவும் எனக்காகவும் மெழுகுதிரி ஏற்றினேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

பெரியவர் ஜூலை தொடக்கத்தில் இறந்துவிட்டார். சிஞ்ஞோரா என்னைப் போகச் சொல்லவில்லை, அவர்களின் தாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இருக்கிறார்கள்.

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜூட் கடைக்குப் போன் செய்தால் நீங்கள் வீட்டில் இல்லை, பிறகு கூப்பிடு என்கிறார்கள். பிறகு ஒரு கடிதம் வருகிறது, அதிலும் மைக். நான் வேலை என்று எழுதுகிறேன், நீங்கள் குமிழ் என்று எழுதுகிறீர்கள். பாஸ்போர்ட் இல்லை, போட்டோ இல்லை, வருகிறேன் வரவில்லை என்ற பேச்சே இல்லை. தவணை முடிந்தும் என் முகத்துக்காக அந்த மனிதர் இன்னும் காத்திருக்கிறார்.

இருபது வருஷமாகக் கிட்டாரை மடியை விட்டு இறக்காதவர் கிட்டாருக்கு மைக் வேண்டாம் என்கிறார். இந்தக் கோணல் எழுத்தும் முழங்காலால் வந்தது மாதிரி இல்லை. வேறு யாராவது எழுதிக் கொடுத்ததா? அங்கே என்ன நடக்கிறது?

வர விருப்பம் இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மைக்கும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை.

மங்கலிகா


வென்னப்புவ
14 ஆகஸ்ட் 1998

அன்புள்ள மங்கலிகா,

பெரியவரின் ஆன்மா சாந்தியடையட்டும். அவரை நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். வேறு யாரும் இல்லை. வீட்டிலும் வேறு யாரும் இல்லை.

நான் வர முடியாது. அந்த விடுதிக்காரரைக் காத்திருக்க வைக்காதே. ஏன் என்று இப்போது கேட்காதே. விருப்பம் இல்லாமல் இல்லை. அதை மட்டும் நம்பு.

ரெக்கார்டர் வாங்க மனமில்லையென்றால் விட்டுவிடு, வருத்தப்பட மாட்டேன். மேல் அறையை விட்டுவிட்டேன், மழைக்கு அது சரிப்படாது. கீழே நம் படுக்கையறையில் மெத்தைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நன்றாக அடங்குகிறது. பேசினால் நம் குரல் நமக்குள்ளேயே கேட்பது போல இருக்கிறது. சில நேரம் அங்கே போய் உன் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கமில்


நேப்பிள்ஸ்
20 செப்டம்பர் 1998

என் அன்புள்ள கமிலுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பாணும் பருப்பும் மட்டும் தின்று நாளை ஓட்டாதீர்கள். மீன் குழம்பு வைக்க ஜூட்டின் மனைவியிடம் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

எல்லாம் வாங்கிவிட்டேன். ஜெர்ட்ருட் அக்காவின் கொழுந்தன் இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார், பெட்டி அவர் கையில் வரும். இறக்கும்போது சாய்க்க வேண்டாம் என்று நாலு பக்கமும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ரெக்கார்டர் நீங்கள் கேட்ட நாலு ட்ராக். கடையில் மூன்று வகை இருந்தன. இதில் குமிழ் குறைவு, மேலும் கீழும் தள்ளுகிற பட்டைகள்தான் அதிகம். ஒரு விரலால் தள்ளினாலே நகரும். மைக் ஒன்று. அதற்கு வட்ட இரும்பு அடிப்பாகம் வைத்த ஸ்டாண்ட். கனமாக இருக்கும், ஆனால் ஒரு தடவை நிறுத்தினால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹெட்ஃபோன். ஸ்டெபிலைசர் அங்கேயே வாங்குங்கள், கரண்ட் ஏறி இறங்குவதை மறந்துவிடாதீர்கள். கேசட் நல்லதாகப் பத்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் பதிய வேண்டும், திருப்பிப் போட்டால் பழையது அழிந்துவிடுமாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கறுப்பாக, செருப்பளவில், ஒரு கால் பெடல். பின்பக்கம் சொருகிவிட்டுக் காலால் அழுத்தினால் பதிவு தொடங்கும். இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். கையே வேண்டாம். நான் கடையில் மிதித்துப் பார்த்தேன், சுலபம்தான்.

வேறு செய்தி இல்லை. மழையில் நனையாதீர்கள்.

உங்கள் மங்கலிகா


வென்னப்புவ
18 அக்டோபர் 1998

என் அன்பான மங்கலிகா,

பெட்டி பத்திரமாக வந்தது. நானும் நியூட்டனும்தான் பிரித்தோம். ரெக்கார்டரைத் தூக்கி மேசையில் வைத்தான், ஸ்டாண்டை நிறுத்தினான். அடியில் அந்தப் பெடல் இருந்தது. "இது என்ன, தையல் மெஷினோடதா? மாத்தி அனுப்பிட்டாளா?" என்று கேட்டான். நான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கையே வேண்டாம் என்ற வரியில் நின்றுவிட்டேன். பிறகு அவனிடம் சொன்னேன்: "மாத்தி அனுப்பல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." அவன் வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தான்.

உனக்குத் தெரியும் என்றாலும் என் வாயால் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

ஜூன் முதல் வாரம் நீர்கொழும்பில் இருந்து நியூட்டனின் மோட்டார் சைக்கிளில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. கொச்சிக்கடைப் பாலத்துக்கு முன்னால் சறுக்கியது. வண்டி என் வலது மணிக்கட்டு மேல் விழுந்தது. இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். கை இருக்கிறது, தோள் தூக்குகிறது, முழங்கை மடங்குகிறது. விரல்கள் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இடது கையால் எழுதப் பழகிய பிறகுதான் உனக்கு எழுதினேன், அதனால்தான் ஆறு வாரம். ஜூட்டை நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். அவன் மேல் கோபப்படாதே.

நான் நீர்கொழும்புக்கு ஏன் போனேன் தெரியுமா? பாஸ்போர்ட் போட்டோ எடுக்க. அதற்குள் யோசித்து முடித்திருந்தேன், வருவதாக முடிவு செய்திருந்தேன். பெட்டியும் கிட்டாருமாக வந்து இறங்கி உன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எழுதாமல் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒன்று மட்டும் புரிந்தது: பாத்திரம் தேய்க்கக்கூட இந்தக் கை உதவாது. இதைச் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய். இல்லையென்றால் வர முடியாமல் அங்கேயே அழுதுகொண்டிருப்பாய். இரண்டும் வேண்டாம் என்று நினைத்தேன். நான் இப்படி நினைத்தது உனக்கு எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பது உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் பேனா நகரவில்லை.

அந்தப் போட்டோவில் ஒன்றை இதற்குள் வைக்கிறேன். கை அதில் தெரியாது, முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

உனக்கு எப்படித் தெரிந்தது? எப்போது?

கமில்


நேப்பிள்ஸ்
8 நவம்பர் 1998

என் கமிலுக்கு,

சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் திட்டித் தீர்க்க வேண்டும். ஒரு பக்கம் எழுதினேன், படித்துப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: நான் உங்கள் மனைவி, விருந்தாளி இல்லை. நல்ல செய்தியை மட்டும் எடுத்து வைத்து உபசரிக்க வேண்டாம்.

எப்போது தெரியும் என்றா கேட்கிறீர்கள்? ஆகஸ்டில், உங்கள் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெர்ட்ருட் அக்கா சாதாரணமாகக் கேட்டாள், "தங்கச்சி, கமிலோட கை இப்ப எப்படி இருக்கு?" அவள் அக்காள் ஊரிலிருந்து எழுதியிருக்கிறாள். என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் புருஷன் கதையை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று காட்ட மனம் வரவில்லை. "தேறிட்டு வருது அக்கா" என்றேன். பஸ் ஏறவில்லை. கடற்கரை வரை நடந்தேன். உங்களுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அந்த இரண்டு மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கமில். கை போனதற்கு அழுதேனா, வேறு யாரும் இல்லை என்பதற்கு அழுதேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

எதையும் மனசில் வைக்கத் தெரியாத மனிதர் இதை மறைக்கிறார் என்றால், அதற்கு அவருக்குக் கொஞ்சம் நாள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீங்களாகச் சொல்லும் வரை கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. பஸ்குவாலேயிடம் போய் ஒரு கை மட்டும் உள்ளவருக்கு எது சரி என்று கேட்டேன். அவர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ரெக்கார்டராக இடது கையால் இயக்கிப் பார்த்தார். வாடிக்கையாளர் வந்தால் பில் போடுவது கூட இடது கையால். இரண்டில் தடுமாறினார், மூன்றாவது சரியாக வந்தது. அதுதான் உங்கள் மேசையில் இருப்பது. "பதிவு செய்யணும்னா ஒரே நேரத்துல ரெண்டு பொத்தானை அழுத்தணும், அங்கதான் உதைக்கும்" என்று சொல்லி உள்ளே போய்ப் பெடலை எடுத்து வந்தார்.

இஸ்கியா வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிஞ்ஞோரா வருத்தப்படவில்லை.

மருத்துவர் என்ன சொல்கிறார்? பயிற்சி கொடுக்கிறார்களா? ஒளிக்காமல் எழுதுங்கள். இடது கையெழுத்து நாளுக்கு நாள் திருந்துகிறது, பழையதை விட வாசிக்க லேசாகவே இருக்கிறது. முதல் கேசட் எனக்குத்தான் வர வேண்டும்.

போட்டோவைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். ஏன் அப்படி முறைக்கிறீர்கள்?

உங்கள் மங்கலிகா


வென்னப்புவ
29 நவம்பர் 1998

என் மங்கலிகாவுக்கு,

நலம், இந்தத் தடவை மெய்யாகவே. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் பயிற்சி. ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். பந்து சிரிக்கிறது, நான் அமுக்குகிறேன். பழைய மாதிரி வராது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கொஞ்சம் வரும், எவ்வளவு என்று தெரியாது என்றார். அந்தக் கொஞ்சத்துக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பதிவு தொடங்கிவிட்டோம். காலால் மிதித்தவுடன் சிவப்பு விளக்கு எரிகிறதே, அந்த ஒரு நொடிக்காகவே நாள் முழுதும் மிதிக்கலாம் போல இருக்கிறது. முதலில் நியூட்டன். பெருநாளுக்கென்று அவனே கட்டிய பாட்டு. பாலன் பிறந்த இரவில் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்ட மீனவனைப் பற்றியது. மெத்தைகளுக்கு நடுவில் நின்று வியர்த்து வழியப் பாடினான். மூன்று நாள் பாடினான். நான்காம் நாள், "போதும்டா, நல்லாத்தான் வந்திருக்கு" என்றேன். "நீ சும்மா சொல்ற" என்று ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கேட்டான். கேட்டு முடித்ததும் போய் மனைவியைக் கூட்டி வந்து கேட்க வைத்தான்.

செய்தி பரவிவிட்டது. மாரவிலையில் இருந்து ஒரு தகப்பன் வந்தார், மிலானில் இருக்கும் மகனின் பிறந்தநாளுக்குப் பாடி அனுப்ப வேண்டுமாம். மனிதருக்குச் சுருதி அந்தப் பக்கமே இல்லை. ஆனால் கடைசி அடியில் குரல் உடைந்ததை நான் அழிக்கவில்லை, அழிக்கட்டுமா என்று கேட்டபோது அவரும் வேண்டாம் என்றார். கோயில் பாடற்குழு பெருநாள் பாடல்களை இங்கேயே பதியக் கேட்டிருக்கிறது. ஹோட்டலில் இனி நான் வாசிக்க முடியாது என்பது உறுத்தாமல் இல்லை. பாண்ட்காரர்கள் வண்டியில் ஏறிப் போகும்போது வாசலில் நிற்க மாட்டேன், உள்ளே போய்விடுவேன். ஆனால் மறுநாள் காலையில் யாராவது கதவைத் தட்டுகிறார்கள்.

கேசட் இத்துடன் வருகிறது. முதல் ட்ராக்கில் நியூட்டன். இரண்டாவதில் தாளம், இங்கே இருக்கிற ஒரு ஆள்தான். மூன்றாவது உனக்கு. நீ கோயில் பாடற்குழுவில் இரண்டாம் குரல் பாடியவள்தானே, இந்தப் பாட்டுக்கு அது இல்லாமல் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. பஸ்குவாலேயின் கடையில் இதே ரெக்கார்டர் இருக்குமே. கெஞ்சிக் கேட்டுப் பார். நான் கெஞ்சினதாகவும் சொல்.

உன் கமில்


நேப்பிள்ஸ்
10 ஜனவரி 1999

என் அன்பான கமிலுக்கு,

பெருநாள் நன்றாகப் போனது. புதுவருஷம் உங்களுக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும். கேசட் வழியில் எங்கோ தூங்கிவிட்டுப் பெருநாள் முடிந்துதான் வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை கொண்டு போனேன். பஸ்குவாலே கெஞ்சவே விடவில்லை. கடையை மத்தியானம் சாத்தும் நேரத்துக்கு வரச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கினார். பின்னறையில் கிட்டார் உறைகளையும் பழைய கம்பளியையும் சுற்றித் தொங்கவிட்டு, நடுவில் என்னை நிறுத்தினார். உங்களுக்கு வாங்கிய அதே மாதிரி மைக். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "முதல்ல கேளு, பாடாதே" என்றார்.

கேட்டேன். நியூட்டன் இவ்வளவு நன்றாகப் பாடுவான் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அவனிடம் சொல்லாதீர்கள், தலைக்கனம் ஏறிவிடும். ஒரு இடத்தில் தூரத்தில் காகம் கத்துகிறது. பஸ்குவாலே உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு தாளத்தை மட்டும் தனியாகப் போடச் சொன்னேன். அது மத்தளமும் இல்லை, ரபானும் இல்லை. கிட்டாரின் வயிற்றில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். விரல் படவில்லை, மணிக்கட்டுக்கு மேலே உள்ள சதை மட்டும் விழுகிறது, கொஞ்சம் கனமாக. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு தட்டு அரை இழை பின்தங்கி வந்து சேர்கிறது. நாம் காதலிக்கத் தொடங்கிய நாளில் இருந்தே உங்கள் தாளம் அந்த இடத்தில் பின்தங்கும், நியூட்டன் அதற்காக உங்களை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறான். இங்கே இருக்கிற ஒரு ஆள் என்று எழுதினால் எனக்குத் தெரியாதா? இது உங்கள் வலது கை. ஒரு பாட்டு முழுதும், நிறுத்தாமல்.

அதைக் கேட்டுவிட்டு உடனே பாட முடியவில்லை. பஸ்குவாலே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். இரண்டாவது தடவை பாடினேன். நன்றாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். நியூட்டனின் குரலை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டுதான் பாடினேன். அது பின்தங்கிய இடத்தில் நானும் பின்தங்கினேன். சரியாகச் சேரும், பாருங்கள்.

கேசட் இத்துடன் வருகிறது. ஏப்ரலில் ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள், டிக்கெட் எடுத்துவிட்டேன். அதுவரை மெத்தைகளில் ஒன்றைக் கழற்றிக் கட்டிலில் போடுங்கள். நாம் படுக்க வேண்டாமா?

உங்கள் மங்கலிகா